மனத்திடம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெருந்தொற்றின்போது நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. வகுப்புக்கு லாகின் செய்வேன், கேமராவை அணைப்பேன், படுத்துவிடுவேன். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும் மைக்கைத் தட்டி ‘எஸ் சார்’. ஆசைப்பட்டுச் சேர்ந்த படிப்பே எரிச்சலாகிவிட்டது. அதே வகுப்பில் சிலர் ஆன்லைன் சான்றிதழ்களாக வாங்கிக் குவித்தார்கள். எனக்கு மனத்திடம் போதாது என்றே இன்றும் நினைக்கிறேன். அது பிறவியிலேயே வருவதா?

ம.

அன்புள்ள ம,

நீங்கள் படுத்துக்கிடந்ததைவிட, ஆசைப்பட்ட படிப்பு எரிச்சலானது என்கிறீர்களே, அதுதான் முக்கியம். உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981ல் வெளியிட்ட ‘பர்ன் அவுட்’ (தொடர் அழுத்தத்தால் வரும் சோர்வு) அளவுகோல் வேலை பார்ப்பவர்களுக்கானது. பின்னால் அதை மாணவர்களுக்கும் மாற்றி அமைத்தார்கள். ஆற்றல் வற்றுவது, படிப்பின்மேல் கசப்பு, ‘என்னால் ஆகாது’ என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் மாணவர்களிடம் அது பார்க்கிறது. மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. மனத்திடம் இல்லாததால் சோர்ந்தேன் என்கிறீர்கள். அந்த எண்ணமே சோர்வின் ஓர் அறிகுறியாக இருக்கலாம்.

பிறவிக் குணத்துக்கு ஓரளவு பங்கு உண்டுதான். ஆனால் ஹவாயின் கவாய் தீவில் 1955ல் பிறந்த குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமையும் குடும்பச் சிக்கலும் சூழ்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தேறி வந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்டது, அக்கறையோடு உடன் நின்ற ஒரு பெரியவராவது வாழ்க்கையில் இருந்தது. பாட்டி, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், யாரோ ஒருவர்.

2020ல் கல்லூரிகளை மூடியபோது போனது பாடம் அல்ல, அது எப்படியோ திரைக்கு வந்துவிட்டது. பக்கத்து பெஞ்சில் ‘இந்த ஆள் எப்போ முடிப்பார்?’ என்று முணுமுணுக்க ஆள் இல்லாமல் போயிற்று. நோட்ஸ் தரும் சீனியர், முகம் வாடியிருந்தால் வராந்தாவில் நிறுத்திக் கேட்கும் ஆசிரியை, எல்லாரும் போனார்கள். கேமரா அணைந்திருந்தால் முகவாட்டம் யாருக்குத் தெரியும்? இதற்கு மருந்தாகப் பல இடங்களில் ‘மன உறுதி வெபினார்’ நடத்தினார்கள், இன்னும் ஒரு மணி நேரத் திரை!

சான்றிதழ் குவித்தவர்களை அளவுகோலாக வைக்காதீர்கள். அவர்களுக்குத் தனி அறை இருந்ததா, பேச ஆள் இருந்ததா, பயத்தில் ஓடினார்களா, உங்களுக்கும் எனக்கும் தெரியாது. உங்கள் கடிதத்தில் ‘எஸ் சார்’ கேட்டுக்கொண்டவரைத் தவிர உங்களோடு பேசியவர் ஒருவரும் இல்லை. அப்படி யாராவது இருந்தார்களா என்று எழுதுங்கள்.

இன்றும் தூக்கம் கெட்டு, படிப்பு மட்டுமின்றி எதிலுமே ஒட்டுதல் இல்லாமல் வாரக்கணக்கில் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதைக் கடிதத்தில் தீர்க்க முடியாது, மனநல மருத்துவரைப் பாருங்கள்.