யூடியூப் பார்த்தே கூத்து பழகலாமே, அண்ணாவியார் எதற்கு?

தாளக்கட்டை, அதாவது ஆட்டத்துக்குச் சொல்லுகிற தாளச் சொற்களை, காணொளி பார்த்துப் பாடமாக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால், கூத்துப் பழக்குகிற ஆசானைப் பற்றி, 'அண்ணாவியாருக்குக் கொடுக்கிற காசு வீண்தானே' என்று கேள்விக்குக் கீழே எழுதியிருந்தீர்களே, அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கோயில் திருவிழாவுக்கு ஊர்ப் பொடியன்களைச் சேர்த்துக் கூத்துப் போடப் பார்க்கிறீர்கள், கையில் காசு குறைவு என்று நினைக்கிறேன். அந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும்.

நான் மட்டக்களப்பு, படுவான்கரைப் பக்கம். எங்கள் ஊரில் ஆடுகிறவர்களுக்கு வயல், வலை, மேசன் வேலை இவைதான் தொழில். அறுவடை முடிந்ததும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு களரிக்கு, அதாவது கூத்தாடுகிற வட்ட இடத்துக்கு, வந்துவிடுவோம். மாதக்கணக்காகப் பழகி, சதங்கை அணிந்து, அப்புறம்தான் அரங்கேற்றம். அது விடிய விடிய நடக்கும். எங்கள் அண்ணாவியாரும் வயல்காரர்தான்.

சட்டம், அதாவது அவரவர் பாத்திரத்துக்கான பாட்டு, கொடுக்கிறதுக்கு முன்னால், எல்லோரையும் களரியைச் சுற்றி நடக்கச் சொல்லிவிட்டு அவர் பேசாமல் குந்தியிருந்து கால்களைப் பார்ப்பார். தாளம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் வலை வீசுகிறவனுக்கு, வீசும்போது இடுப்பு எங்கே திரும்புமோ அந்த இடத்தில் சுற்று வரும்படி பார்த்துக்கொள்வார். வயல் வேலைக்காரனிடம், "வரம்பில போறமாதிரிக் கால வை மனே, மறுகா மிதி" என்பார். இது எந்தக் காணொளியில் கிடைக்கும்?

என் கதைக்கு வருகிறேன். வடமோடி வகைக் கூத்து, கர்ணன் போர். எனக்கு நகுலன். சதங்கை அணிய இரண்டு வாரம் இருக்கும்போது மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து வலது முழங்கால் வீங்கிவிட்டது. பாண்டவர் ஐவரும் வரவில், அதாவது களரிக்குள் வரும்போது, ஒன்றாகச் சுற்றுகிற இடத்தில் வலக்காலை ஊன்றித்தான் திரும்ப வேண்டும். கரப்புடுப்பு என்கிற கூத்து உடுப்பின் பாரத்தோடு என்னால் முடியாது. வேறு ஆளைப் போடச் சொல்லி நானே போய்ச் சொன்னேன். அவர் முழங்காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இடக்கால ஊன்று, பாப்பம்" என்றார். ஊன்றினேன். மத்தளத்தை எடுத்தார், வாயால் தாளக்கட்டைச் சொல்லிக்கொண்டே என்னை நாலு தரம் சுற்றவிட்டார். அடுத்த நாள் இரவு மற்ற நாலு பேருக்கும் சுற்றை இடப்பக்கமாக மாற்றினார். தருமருக்கு வந்தவருக்குக் கோபம், மூன்று மாதம் பழகினதை ஏன் மாற்ற வேண்டும் என்று. அண்ணாவியார் பதில் சொல்லாமல் திரும்பவும் முதலில் இருந்து அடித்தார். அரங்கேற்றத்தன்று பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மிகைப்படுத்துகிறேன் என்று சிலர் சொல்வீர்கள். சரி, என்னை விடுங்கள். 1962-இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் இதே கர்ணன் போரை மேடையேற்றியபோது மாணவர்களுக்கு ஆட்டம் பழக்க வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைத்தான் கூட்டிப்போனார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். ஒரு கலாசாரப் போட்டிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். இருபது நிமிடம்தான் என்றார்கள். வட்டக்களரியில் நாலு பக்கமும் பார்க்கிற ஆட்டத்தை, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடையில், நடுவர்களைப் பார்த்து ஆடச் சொன்னார்கள். மத்தளத்தோடு களரி நடுவில் நிற்கிற மனிசனை ஓரத்தில் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் நிறுத்தினார்கள். சான்றிதழில் அவர் பேரையும் பிழையாக எழுதியிருந்தார்கள். வித்தியானந்தனும் சுருக்கித்தானே போட்டார் என்று கேட்பீர்கள். அவர் அண்ணாவியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுருக்கினார். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

எங்கள் அண்ணாவியார் போய் ஆறு வருடமாகிறது. செத்தவீட்டுக்குப் பிறகு மகன் அவருடைய கூத்துக் கொப்பியைக் காட்டினான். பாண்டவர் வரவு விருத்தத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் 'இடம்' என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டிருந்தார். என் முழங்கால் எப்போதோ சுகமாகிவிட்டது. அவர் அதைத் திருப்பி மாற்றவே இல்லை. இப்போது அந்தக் கொப்பியை வைத்துத்தான் மகன் பழக்குகிறான். போன வருடமும் நகுலனுக்கு ஆடின பொடியன் இடப்பக்கமாகத்தான் சுற்றினான்.