ஆடு பட்டையை உரித்த மாமரம் பிழைக்குமா?

கேள்வி: "ஐந்து வயது பெங்களூரா ஒட்டு மாமரம். முழங்கால் உயரத்தில், சுற்றிலும் நாலு விரற்கடை அகலத்துக்கு வெள்ளாடு பட்டையை உரித்துத் தின்றுவிட்டது. பத்து நாளாகியும் இலை பச்சையாகவே இருக்கிறது. மரம் தப்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? பக்கத்துத் தென்னையில் ஏறுவதற்காக எப்போதோ கொத்திய படிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. வேப்பமரத்தில் வெட்டிய காயம் மட்டும் மூடிக்கொண்டது. ஏன்?"

(கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்)

இலையை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். வேரிலிருந்து தண்ணீர் ஏறுவது கட்டைக்குள் இருக்கும் சைலம் வழியாக. ஆடு அதைத் தொடவில்லை, அதனால்தான் இலை வாடவில்லை. இலை சமைக்கும் சர்க்கரை கீழே இறங்குவது உள்பட்டையில் இருக்கும் ஃபுளோயம் வழியாக. அந்தப் பாதை சுற்றிலும் அறுந்துவிட்டது. வேர் இப்போது தன் சேமிப்பு மாவுச்சத்தைத் தின்று உயிர் வாழ்கிறது. அது தீர்ந்து வேர் சாகத் தொடங்கிய பிறகுதான் இலை வாடும். அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது. 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் மார்செல்லோ மல்பீகி, பட்டையை வளையமாக உரித்தால் அதற்கு மேல்பக்கம் பருத்துவிடுவதைக் கண்டார். இறங்க வழியில்லாத உணவு அங்கே தேங்குகிறது. கொய்யாவிலும் மாதுளையிலும் கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர் விடவைக்கும் விண்பதியம் போடும்போது உரித்த இடத்தின் மேல் விளிம்பில் வேர் விடுவதும் இந்தத் தேக்கத்தால்தான்.

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் கேம்பியம் என்ற ஆக்குத்திசு, அதாவது புதுச் செல்களை உண்டாக்கும் திசு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய உறை அது. மரம் பருப்பதெல்லாம் இதனால்தான். அதன் செல் பிரிந்து உள்பக்கம் விழுந்தால் சைலம் ஆகிறது: நீண்டு, சுவரில் கட்டைக்கு உறுதி தரும் லிக்னினைப் பூசிக்கொண்டு, கடைசியில் உள்ளிருப்பதையெல்லாம் கரைத்துச் செத்துப்போகிறது. செத்த பிறகுதான் அது தண்ணீர்க் குழாய். வெளிப்பக்கம் விழுந்தது ஃபுளோயம் ஆகிறது. அந்தச் சல்லடைக் குழாய்ச் செல் உட்கருவை இழந்தும் உயிரோடிருக்கும். பக்கத்திலேயே ஒட்டியிருக்கும் துணைச்செல் அதைப் பராமரிக்கும். ஒரே தாய்ச்செல்லின் பிள்ளைகள் நின்ற இடத்தைப் பொறுத்து இப்படி இரண்டு தொழிலுக்குப் போவதை எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

எனவே உங்கள் கேள்விக்கு விடை, கேம்பியம் மிச்சம் இருக்கிறதா என்பதில் இருக்கிறது. இதே விபத்து வேறு யாருக்காவது இன்று நடந்தால், கட்டை இன்னும் வழுவழுப்பாக இருக்கும்போதே செயல்பட வேண்டும். துடைக்கக் கூடாது, சாணி அப்பக் கூடாது, கை படவே கூடாது. காயத்தின்மேல் ஒட்டாமல் பாலிதீன் தாளைத் தளர்வாகச் சுற்றி, வெயில் படாமல் மறைக்க வேண்டும். கட்டையில் ஒட்டியிருக்கும் இளஞ்செல்கள் காய்ந்துபோகாவிட்டால் அவையே புதுப் பட்டையை உண்டாக்கும்.

உங்களுக்குப் பத்து நாள் கடந்துவிட்டது. வெளுப்பாகவோ இளம்பச்சையாகவோ மெத்தென்ற தோல் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அதைக் காப்பாற்றுங்கள். மேலிருந்து கீழாக ஒரு நாடா அகலத்துக்கு இணைந்தால்கூட வேருக்குச் சோறு போகும். எல்லாம் காய்ந்து பழுப்பேறியிருந்தால், காயத்துக்கு மேலும் கீழும் உள்ள பட்டையைக் குச்சிகளால் இணைத்து ஒட்டுப் பாலம் போட வேண்டியதுதான்.

புதுத் துளிர் ஓடி, பட்டை எளிதாகக் கழன்று வரும் பருவத்தில் செய்யுங்கள். பென்சில் கனமுள்ள குச்சிகளை ஆரோக்கியமான மாங்கிளையிலிருந்து, காயத்தைவிட ஒரு சாண் நீளமாக எடுங்கள். இரண்டு முனையையும் ஆப்பு போலச் சீவி, காயத்தின் கீழ்ப் பட்டைக்குள் ஒன்றும் மேல் பட்டைக்குள் ஒன்றுமாகச் செருகுங்கள். குச்சி சற்று வில்லாக வளைந்திருந்தால் காற்றில் மரம் ஆடும்போது பிடுங்காது. தலைகீழாக வைத்துவிடாதீர்கள், கிளையில் மேல்நோக்கி இருந்த முனை இங்கேயும் மேலேதான் இருக்க வேண்டும். இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகச் சுற்றிலும் வைத்து, இறுகக் கட்டி, மெழுகால் மூடுங்கள். வெட்டுவாயில் உள்ள பாரன்கைமா என்னும் மெல்லிய சுவருள்ள சாதாரணச் செல்கள் மறுபடி பிரியத் தொடங்கி, கேலஸ் என்னும் மென்திரளாகி, அதற்குள்ளேயே புதுக் கேம்பியம் உருவாகி இரண்டு பக்கமும் கைகோக்கும். ஒட்டு மாங்கன்றே இப்படி உருவானதுதான். குச்சியில் துளிர்த்தால் கிள்ளிவிடுங்கள்.

பாலம் கைவராது என்று தயங்கினால், மரத்தடியில் இரண்டு மூன்று மாங்கன்றுகளை நட்டு அவற்றின் நுனியைக் காயத்துக்கு மேலே பட்டைக்குள் செருகி ஒட்டலாம். மாமரத்துக்கு நான் அதிகம் நம்புவது இதைத்தான்; கன்றின் வேரும் மரத்துக்குச் சேர்ந்துவிடுகிறது. இந்த வருடம் பூவையெல்லாம் உதிர்த்துவிடுங்கள். யூரியா வேண்டாம்.

இனி தென்னை. அதற்குக் கேம்பியமே இல்லை. சைலமும் ஃபுளோயமும் சேர்ந்த கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும். அடித்தண்டின் பருமன் இளமையிலேயே முடிவாகிவிடுகிறது, பிறகு உயரம் மட்டும்தான். மரத்துக்கு என்ன வயதோ, அடிப்பகுதியின் ஃபுளோயத்துக்கும் ஏறத்தாழ அதே வயது. மாற்றுச் செல் செய்ய ஆளில்லை, அதனால் கொத்து மூடாது. வேம்பில் கேம்பியம் விளிம்பிலிருந்து உருண்டு வந்து மூடிவிட்டது. கற்றைகள் சிதறியிருப்பதால் நாலைந்து கொத்தில் தென்னை சாகாதுதான், ஆனால் அந்தக் குழிகள் அழுகலுக்கும் சிவப்புக் கூன்வண்டுக்கும் வாசல். அழுகியதைச் செதுக்கி எடுத்துவிட்டு போர்டோ பசை பூசுங்கள்: மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். இனிமேல் படி வெட்ட வேண்டாம்.

மாமரத்தில் பாலமும் பிடிக்கவில்லையென்றால், வேர் சாகும்வரை காத்திருக்காமல் காயத்துக்குக் கீழே அறுத்துவிடுங்கள். துளிர் வரும். அது ஒட்டுப்பகுதிக்கு மேலிருந்து வந்தால் பழைய பெங்களூராவேதான். கீழிருந்து வந்தால் நாட்டு மா. அதில் புதிதாக ஒட்டுக் கட்டிக்கொள்ளலாம். ஐந்து வயது வேர் கீழே இருப்பதால் புதுக் கன்றைவிடச் சீக்கிரம் எழும்பிவிடும்.