டால்பின் ஆய்வுக்குப் போகலாமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கரையோர டால்பின்களை ஆராயும் குழு ஒன்று இரண்டு வாரத்துக்குத் தன்னார்வலர்களை எடுக்கிறது. செலவை நானே ஏற்க வேண்டுமாம். நான் படித்தது கணக்குப்பதிவியல். உயிரியல் தெரியாதவன் பணமும் கொடுத்துப் போய் என்ன செய்துவிட முடியும்? சுற்றுலாவைத்தான் ஆய்வு என்று விற்கிறார்களோ? படகு ஆடினால் எனக்கு வாந்தி வேறு வரும்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கணக்குப்பதிவியல் படித்தவர் என்பது நல்லதாகப் போயிற்று. அங்கே பெரும்பாலும் பதிவேட்டு வேலைதான். முன்பே தீர்மானித்த கோட்டில் படகு ஒரே வேகத்தில் போகும். உங்களுக்கு ஒதுக்கிய பக்கத்தை மட்டும் நீங்கள் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் இன்னொருவர் பொறுப்பு. நேரம், இடம், காற்று, அலை எல்லாவற்றையும் எழுத வேண்டும். நாள் முழுக்க ஒன்றுமே தென்படாவிட்டால் அதையும் எழுத வேண்டும். எவ்வளவு தூரம் தேடினோம் என்பது இல்லாமல், எத்தனை டால்பின் பார்த்தோம் என்ற எண்ணுக்கு மதிப்பில்லை. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். எதையாவது பார்த்துவிட மனசு துடிக்கும். காற்று கூடி வெள்ளை நுரை எழுந்தாலோ ஒவ்வொரு நுரையும் டால்பினின் துடுப்பாகத் தெரியும். அந்த நிலையில் பல குழுக்கள் கணக்கெடுப்பையே நிறுத்திவிடும்.

தென்பட்டபின் முக்கியம் புகைப்படம். முதுகுத்துடுப்பின் பின்விளிம்பில் உள்ள வெட்டுகளையும் கிழிசல்களையும் வைத்துத்தான் இது இன்ன டால்பின் என்று கண்டுபிடிக்கிறார்கள். துள்ளும்போது எடுத்த அழகான படம் இதற்கு அவ்வளவாக உதவாது. துடுப்பு பக்கவாட்டில் தெளிவாகத் தெரியும் சலிப்பான படம் வேண்டும். அமெரிக்காவில் சரசோட்டா விரிகுடாவில் 1970-இல் தொடங்கிய ஆய்வு இன்றும் நடக்கிறது. நிக்லோ என்ற பெண் டால்பின் 60 வயதைக் கடந்தும் அங்கே உலவியதை அறிய முடிந்தது, தலைமுறை மாறியும் யாராவது சலிக்காமல் பதிவு செய்துகொண்டே இருந்ததால்தான்.

பணம் கேட்பதாலேயே அது மோசடி ஆகிவிடாது. படகுக்கும் எரிபொருளுக்கும் தன்னார்வலர் பணத்தை நம்பியிருக்கும் நேர்மையான ஆய்வுகள் உண்டு. இரண்டு கேள்வி கேளுங்கள்: யாரிடம் அனுமதி வாங்கியிருக்கிறீர்கள்? இதுவரை சேர்த்த தரவிலிருந்து என்ன வெளியிட்டிருக்கிறீர்கள்? மழுப்பினால் விட்டுவிடுங்கள். கூடவே நீந்தலாம், தொட்டுப் பார்க்கலாம் என்று ஆசை காட்டினால் கேள்வியே வேண்டாம், விலகிவிடுங்கள். மனிதர் பக்கத்தில் இல்லாதபோது டால்பின் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கத்தானே போகிறோம்! இது கொஞ்சம் கறாரான அளவுகோல்தான். புதிதாகத் தொடங்கிய நல்ல குழு ஒன்றும் இதில் அடிபடலாம். புதிய குழு என்றால் மட்டும் இரண்டாவது கேள்வியில் சற்று விட்டுக்கொடுங்கள்.

அப்புறம், வாந்தி. கரையோரப் பாறைமேட்டில் நின்று, நில அளவையில் பயன்படும் தியோடலைட் கருவியால் விலங்குகளின் போக்கைக் குறிப்பதும் ஆய்வுதான். இயந்திர ஓசையால் அவை கலைவதும் இல்லை. அதுவும் இல்லையென்றால் படங்களை ஒப்பிடும் மேசை வேலை எப்போதும் குவிந்து கிடக்கும். பணம் கட்டுவதற்கு முன், அதற்கு ஆள் தேவையா என்று கேட்டு எழுதுங்கள்.