கட்டில் நிறைந்தால் போதுமா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் 60 படுக்கை உள்ள ஓர் அரசு மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கத்தில் இருக்கிறேன். காப்பீட்டுத் திட்டமும் புதுக் கட்டடமும் வந்த பிறகு படுக்கை நிரம்பும் விகிதம் 75 விழுக்காட்டிலிருந்து 70-க்கு இறங்கிவிட்டது. செயல்திறன் குறைந்துவிட்டது என்கிறார்கள். சரிதானா?

பதில்: அந்த ஒரு எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஐந்தொகை (இருப்புநிலைக் குறிப்பு) எடுத்துப் பழகிய ஊர் உங்களுடையது. இருப்பை மட்டும் பார்த்துக் கடை நன்றாக ஓடுகிறதா என்று யாரும் சொல்வதில்லை. சரக்கு எத்தனை முறை கைமாறியது என்றும் கேட்பார்கள். படுக்கைக்கும் அந்தக் கேள்வி உண்டு.

60 படுக்கை, 365 நாள்: ஆண்டுக்கு 21,900 படுக்கை நாள். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். முன்பு நோயாளிகள் தங்கிய நாள் 16,425, டிஸ்சார்ஜ் (இறப்பும் சேர்த்து) 3,285. அதாவது ஒருவர் சராசரியாக 5 நாள் தங்கினார். ஒரு கட்டிலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 55 பேர். இப்போது தங்கிய நாள் 15,330, டிஸ்சார்ஜ் 4,380. தங்கல் 3.5 நாள், கட்டிலுக்கு 73 பேர். நிரம்பும் விகிதம் 75-லிருந்து 70 ஆனது உண்மை. ஆனால் அதே கட்டிலில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலான ஆட்கள் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். ஒருவர் எழுந்து அடுத்தவர் படுக்கும் வரை கட்டில் காலியாகக் கிடந்த நேரமும் 40 மணியிலிருந்து 36 மணி ஆகிறது. காலிப் படுக்கை நாளை டிஸ்சார்ஜ் எண்ணிக்கையால் வகுத்தால் இது கிடைக்கும்.

தங்கல் குறைந்ததே என்று உடனே மகிழவும் வேண்டாம். சிக்கலான கேஸ்களை எல்லாம் 108-ல் ஏற்றி மதுரைக்கோ சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்பிவிட்டால் தங்கல் தானாகவே குறையும். ரெஃபர் செய்தவர்கள், சொல்லாமல் போனவர்கள், டாக்டர் பேச்சை மீறிப் போனவர்கள் ஆகியோரைத் தனி வரிசையில் எழுதுங்கள். சுகப்பிரசவமான தாய் 48 மணி நேரமாவது தங்க வேண்டும். அதற்கு முன் அனுப்பியிருந்தால் அது திறன் கணக்கில் வராது. 30 நாளுக்குள் அதே கோளாறுக்குத் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் பக்கத்தில் வையுங்கள்.

பெரும்பாலும் பிழை நேர்வது வகுக்கும் எண்ணில்தான். அனுமதிக்கப்பட்ட படுக்கை 60 என்று பலகையில் இருக்கும். வார்டில் 74 கட்டில் போட்டிருப்பார்கள். 60-ஆல் வகுத்தால் 100-ஐத் தாண்டிய விகிதம்கூட வரலாம். உண்மையில் போட்டிருக்கும் கட்டிலை எண்ணுங்கள். நள்ளிரவில் படுக்கையில் இருப்பவர்களை எண்ணும் கணக்கில், காலையில் சேர்ந்து மாலையில் போகும் டயாலிசிஸ் நோயாளி விடுபட்டுப்போவார். அவரைத் தனியே குறியுங்கள். தாயோடு இருக்கும் நலமான குழந்தைக்குத் தனிப் படுக்கை கணக்கில்லை.

பிற மருத்துவமனைகளோடு ஒப்பிட, சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1978-ல் வகுத்த டி.இ.ஏ. (Data Envelopment Analysis: உள்ளே போகும் வளத்தையும் வெளியே வரும் வேலையையும் ஒப்பிட்டு மதிப்பெண் தரும் கணக்கு) முறை உதவும். படுக்கை, டாக்டர், செவிலியர் உள்ளே போகும் வளம்; புறநோயாளி, டிஸ்சார்ஜ், அறுவை சிகிச்சை வெளியே வரும் வேலை. மதிப்பெண் 0.8 வந்தால், பட்டியலில் நன்றாக ஓடும் மருத்துவமனைகளோடு ஒப்பிட, இதே வேலைக்கு 80 விழுக்காடு வளமே போதும் என்று பொருள். ஆறு அளவுக்குக் குறைந்தது 18 மருத்துவமனை வேண்டும். ஐந்தாறு மட்டும் சேர்த்தால் ஏறக்குறைய எல்லாமே முழு மதிப்பெண்ணான 1 வாங்கிவிடும். எனவே புதுக்கோட்டை, ராமநாதபுரம் மாவட்டத் தாலுகா மருத்துவமனைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவக் கல்லூரியைச் சேர்க்காதீர்கள், அதன் வேலையே வேறு. டாக்டர் எண்ணிக்கையில் அனுமதித்த பணியிடத்தைப் போடாமல், டெபுடேஷனில் போனவரைக் கழித்து, பணியில் இருந்தவரைப் போடுங்கள்.

மாற்றத்துக்கு முன் மூன்று ஆண்டு, பின் மூன்று ஆண்டு எடுங்கள். 2020, 2021 வேண்டாம். கொரோனா அந்த எண்களைப் புரட்டிப் போட்டிருக்கிறது. வார்டு பதிவேட்டு மாதத் தொகுப்பை முதலில் கண்காணிப்பாளரிடம் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு. பதிலுக்கு 30 நாள் கெடு. நோயாளி பெயர் வேண்டாம், மாதவாரி எண் மட்டும் போதும் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.