சக்கர் மீன்கள் சேர்ந்து வாழுமா?

கேள்வி: மூன்றடித் தொட்டியில் ஒரு சாதாரண சக்கர் மீனும், இரண்டு ஆண் பிரிஸில்நோஸ் பிளெக்கோக்களும் (சிறிய வகைச் சக்கர் மீன்கள்) வளர்க்கிறேன். பிரிஸில்நோஸ் ஒன்றின் வால் துடுப்பு கிழிந்துள்ளது. இவற்றைச் சேர்த்து வளர்க்கலாமா?
- ஒரு வாசகர், தக்கலை

பதில்: பிளெக்கோக்கள் எனப்படும் சக்கர் மீன்கள் பலவற்றைச் சேர்த்து வளர்க்கலாம், ஆனால் உங்கள் தொட்டியில் இடம் போதாது. மூக்கில் கிளைத்த மீசை முளைத்த ஆண் பிரிஸில்நோஸ், தான் பிடித்த பொந்தின் வாசலில் கன்ன முட்களை விரித்து நின்று மற்றோர் ஆணை விரட்டும் என்பதால், துடுப்பு கிழிந்ததற்குப் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும். ஓர் ஆணை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். மீன்களின் எண்ணிக்கையைவிட ஒரு பொந்தாவது கூடுதலாக இருக்கும்படி, ஓட்டை போட்ட சிரட்டைகளை நன்கு ஊறவைத்துத் தள்ளித் தள்ளி வையுங்கள். இவை இரவில் மேய்பவை. ஆகவே விளக்கணைத்த பின் வெள்ளரித் துண்டுகளை இரண்டு மூன்று இடங்களில் போட்டு, மிஞ்சியதைக் காலையில் எடுத்துவிடுங்கள். பாசி மட்டுமே போதும் என்று எண்ணிப் பட்டினி போடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் பழக்கம்.

பிரிஸில்நோஸ் 15 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். சாதாரண சக்கரோ 40 சென்டிமீட்டரையும் தாண்டும். அதற்கு ஆறடித் தொட்டி உள்ளவரைத் தேடுங்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த அம்மீன் கரையைக் குடைந்து முட்டையிடுவது. மண்கரைக் குளங்கள் நிறைந்த நம் குமரி மாவட்டத்தில், குளத்திலோ பழையாற்றிலோ அதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.