நாலு தடவை படித்தும் 25-க்கு 11 ஏன்?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். அறிவியல் யூனிட் டெஸ்ட் என்றால் முதல் நாள் இரவு பாடத்தை நாலைந்து தடவை படிக்கிறாள். கேட்டால் "எல்லாம் தெரியும்மா" என்கிறாள். போன டெஸ்டில் 25-க்கு 11. கைடு வாங்கிக் கொடுக்கவா? அல்லது அவளுடைய அறிவியல் டீச்சரே மாலையில் எடுக்கும் டியூஷனில் சேர்க்கவா? அடுத்தது 'விசையும் இயக்கமும்' பாடம், இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. நான் காமர்ஸ் படித்தவள், எனக்கு அறிவியல் சொல்லித்தர வராது.
— ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: இரண்டும் வேண்டாம். பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் பொய் சொல்லவில்லை. நாலாவது தடவை படிக்கும்போது ஒவ்வொரு வரியும் பழகிய வரியாகிவிடுகிறது. பழகியதை மனசு 'தெரிந்தது' என்று கணக்கு எழுதிக்கொள்கிறது. ஆனால் தேர்வில் புத்தகம் கையில் இருக்காது. உள்ளேயிருந்து எடுத்து எழுத வேண்டும். அந்தப் பயிற்சியைத்தான் அவள் ஒரு தடவைகூடச் செய்யவில்லை.

2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம், படித்தபின் மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். உங்கள் வீட்டில் இரவில் "தெரியும்மா", டெஸ்டில் 11 என்று நடப்பதற்கும் இதுதான் காரணம்.

ஆகவே இந்த வாரம் இப்படிச் செய்யுங்கள். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். பாடத்தை இரண்டு மூன்று துண்டாகப் பிரித்து, ஒரு துண்டை ஒரே ஒரு தடவை நிதானமாகப் படிக்கட்டும். புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் நினைவில் இருப்பதையெல்லாம் எழுதட்டும், படம் இருந்தால் வரையட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்க்கட்டும். முதல் தாளில் சிவப்பு நிறைய இருக்கும், அதைப் பார்த்துத் திட்டாதீர்கள். மறுநாள் சிவப்பில் இருந்ததை மட்டும் முதலில் கேளுங்கள், அப்புறம் அடுத்த துண்டு. கடைசி இரண்டு நாள் முழுப் பாடத்தையும் இதே மாதிரி. ஒரே இரவில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட இது பலமடங்கு மேல்.

அறிவியல் தெரியாதே என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். புத்தகம் உங்கள் கையில், கேள்வி உங்கள் வாயில், அவ்வளவுதான். உபதலைப்பைப் பார்த்து "இது என்னது, சொல்லு", "ஏன் அப்படி?", "நம்ம தெருவில் ஒரு உதாரணம் சொல்லு" என்று கேளுங்கள். வீட்டிலிருந்து 400 மீட்டர் தள்ளி இருக்கும் மளிகைக் கடைக்குப் போய்த் திரும்பி வந்தால் நடந்த தொலைவு எவ்வளவு, இடப்பெயர்ச்சி (கிளம்பிய இடத்திலிருந்து கடைசியில் நிற்கும் இடம் நேர்கோட்டில் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது) எவ்வளவு? முதலாவது 800 மீட்டர், இரண்டாவது பூஜ்ஜியம். பூஜ்ஜியம் என்று சொன்னதோடு விடாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டோம், அதனால்தான் என்று அவள் தன் சொந்த வார்த்தையில் சொன்னால் அந்தப் பகுதி முடிந்தது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். மனப்பாடமே கூடாது என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். சரியில்லை. புரிந்துகொண்டு வரவழைக்க முடியாத விஷயங்கள் அறிவியலில் இருக்கின்றன, அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். தனிமங்களின் குறியீடுகள் அப்படித்தான். சோடியம் என்ற பெயரை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அதன் குறியீடு 'என்.ஏ.' என்று யாராலும் ஊகிக்க முடியாது. வரையறையில் வரும் கலைச்சொற்களும் அப்படியே. 'திசைவேகம்' (திசையையும் சேர்த்துச் சொல்லும் வேகம்) என்று எழுத வேண்டிய இடத்தில் 'வேகம்' என்று எழுதினால் விடை தப்பு. ஆனால் சூத்திரம் இந்தக் கணக்கில் வராது. வேகம் என்பது ஒரு நொடியில் கடக்கும் தொலைவு என்று புரிந்தால், தொலைவைக் காலத்தால் வகுக்க வேண்டும் என்று தானே வந்துவிடும், அதன் அலகு மீ/வி (மீட்டர்/விநாடி) என்பதும் கூடவே வரும். ஒவ்வொரு நொடியிலும் திசைவேகம் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் முடுக்கம் என்று தெரிந்தால் மீ/வி² ஏன் என்பதும் விளங்கும். இதற்கெல்லாம் தொலைவு, வேகம், காலம் என்று ஒரு முக்கோணத்துக்குள் எழுதி மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். முக்கோணத்தைத் தலைகீழாக நினைவு வைத்த பிள்ளைக்கு எல்லாக் கணக்கும் போய்விடும். உண்மையிலேயே மனப்பாடம் தேவைப்படுவதற்குப் பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி அட்டை செய்யுங்கள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. திருப்புவதற்கு முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இது கட்டாயம். சொல்லாமல் திருப்பினால் அதுவும் வெறும் வாசிப்புதான்.

இப்போது கைடு. கைடில் விடை தயாராக இருக்கிறது. விடையைத் தேடி எழுதும் உழைப்புதான் பாடத்தை மனதில் நிறுத்துகிறது, அதை அச்சகத்துக்காரர் செய்து கொடுத்துவிடுகிறார். இதைவிட மோசம், டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பு வாட்ஸ்அப்பில் காசுக்கு வரும் 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்' பி.டி.எஃப்கள். பெரும்பாலும் அவை புக் பேக் கேள்விகளையே வரிசை மாற்றிப் போட்டவை. முழுப் பாடநூலையும் பாடநூல் கழகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அதிலிருப்பதை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்? கோபம் வருவது இங்கேதான்: சில பள்ளிகளில் வினாத்தாளையே கைடைப் பார்த்து எடுக்கிறார்கள். கைடு வைத்திருக்கும் பிள்ளை புரியாமலே 23 வாங்குகிறது, ஒன்பதாம் வகுப்பில் இயற்பியல் பாடங்கள் கடினமாகும்போது திணறுகிறது. அப்போது மறுபடியும் பழி பிள்ளைமேல்.

டியூஷன் விஷயத்தில் நேரடியாகவே சொல்கிறேன். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. வகுப்பில் சொல்லித்தரச் சம்பளம் வாங்குபவர் அதே பாடத்துக்கு மாலையில் தனிக் கட்டணம் வாங்கினால், காலை வகுப்பில் முழு மனதோடு நடத்துவார் என்று எப்படி நம்புவது? சேராவிட்டால் மார்க் குறைப்பார்களோ என்று பெற்றோர் பயப்படும் நிலையே கேவலம்.

கடைசியாக, அந்த 11 மார்க் விடைத்தாளைக் கேட்டு வாங்குங்கள். பருவ மதிப்பீட்டில் 40 மதிப்பெண்ணை வளரறி மதிப்பீட்டுக்கு (பருவத்தின் நடுவே வரும் யூனிட் டெஸ்டுகளுக்கும் செயல்பாடுகளுக்கும்) ஒதுக்கியதே, பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்று பார்த்துச் சரிசெய்யத்தான். நடப்பதோ, மார்க்கை ரெஜிஸ்டரில் ஏற்றிவிட்டுத் தாளைக் கட்டிவைப்பது. பெற்றோர் கூட்டம் வரை காத்திருக்காமல் டைரியில் எழுதி அனுப்புங்கள். தாள் வந்ததும் போன 14 மார்க்கையும் மகளோடு உட்கார்ந்து பாருங்கள். தெரியாமல் போனது எவ்வளவு, தெரிந்தும் அலகோ படத்துக்குப் பாகங்களின் பெயரோ எழுதாமல் விட்டது எவ்வளவு, 'வேறுபடுத்துக' என்று கேட்டதற்கு ஒரு பக்கத்தை மட்டும் எழுதி வைத்தது எவ்வளவு? தெரியாமல் போனதற்குத்தான் சிவப்பு மைப் பயிற்சி. மற்றவற்றுக்கு, எழுதி முடித்தபின் ஐந்து நிமிடம் கேள்வியையும் விடையையும் சேர்த்து வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.