ராமநாதபுரம் கடலோரத்தில் ஆடு மேய்ச்சலும் இயற்கைப் பாதுகாப்பும் சேர்ந்து நடக்குமா?

நடக்கும். நிலத்தைக் கெடுப்பது ஆடு என்று பலர் சொல்கிறார்கள். எனக்குப் பெரிய கவலை சீமைக்கருவேலம்தான். கோடையில் அதன் இனிப்பு நெற்றை ஆடுகள் விரும்பித் தின்னும். விதையின் தோல் கெட்டி, பல விதைகள் வயிற்றில் செரிக்காமல் வெளியே வரும். மழை விழுந்ததும் காய்ந்த புழுக்கைக்குள்ளிருந்தே முளை எட்டிப் பார்க்கும். முள் புதர் அடர்ந்த இடத்தில் புல்லும் இல்லை, மேய்ச்சலும் இல்லை.

அதற்காக ஆட்டை விரட்ட வேண்டாம். நெற்றைப் பொறுக்கி, விதை உடைய இடித்துத் தீவனமாகப் போடலாம். மரத்தை வெட்டினால் மட்டும் போதாது, தூரிலிருந்து தழைத்துவிடும். வேரோடு எடுக்க வேண்டும். அப்புறம் ஐப்பசி மழையில் நல்ல தீவனமான கொழுக்கட்டைப்புல் முளைத்ததும், விதை கட்டும்வரை அந்தப் பக்கம் ஆட்டை விடாதீர்கள். அந்த ஓய்வுதான் அடுத்த வருடத் தீவனம்.

நம் கீதாரிகள், அதாவது ஊர் ஊராக மந்தை ஓட்டும் ஆட்டிடையர்கள், அறுவடைக்குப் பின் மந்தையைத் தஞ்சைப் பக்கம் ஓட்டிப்போய் வயல்களில் கிடை போடுவதும் (எருவுக்காக இரவில் அடைப்பதும்) இங்குள்ள நிலத்துக்கு ஓய்வுதான். வழியில் தண்ணீரும் தங்க இடமும் கிடைத்தால் அந்தப் பழக்கம் நிலைக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கலாம். ராமநாதபுரம் மாவட்டத்துப் பறவைச் சரணாலயங்களான சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் கண்மாய்கள் ராம்சர் தளங்களாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களாக, 2022இல் அறிவிக்கப்பட்டன. அங்கே நாட்டுக்கருவேல மரங்களில் பறவைகள் கூடு கட்டியிருக்கும் மாதங்களில் மந்தையை உள்ளே விடக்கூடாது.